அலைக்கற்றை பொதுச்சொத்து, வேலை மட்டும் தனியார் சொத்தா?

ஜியோ என்று பேச்செடுத்தாலே நம் தோழர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். "கார்ப்பரேட் கொள்ளை" என்கிறது ஒரு தரப்பு. "டேட்டா விலை குறைந்ததால்தானே சேரிப் பிள்ளையும் யூடியூபில் பேச முடிகிறது" என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இடஒதுக்கீடு என்னவாயிற்று என்று இரு தரப்புமே கேட்பதில்லை.

அந்த நிறுவனம் வளர்ந்த பாதையைப் பாருங்கள். 2010இல் அகண்ட அலைவரிசை ஏலத்தில் நாடு முழுமைக்கும் உரிமம் பெற்ற இன்ஃபோடெல் நிறுவனத்தின் 95 சதவீதப் பங்குகளை ரிலையன்ஸ் 4,800 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ மொபைல் சேவை தொடங்கி, 2017 மார்ச் வரை இலவசமாகவே ஓடியது. போட்டியாளர்கள் திணறினார்கள். தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் 2018இல் திவாலானதும், சிக்னல் போய் நம்பரை மாற்ற மக்கள் கடை கடையாக அலைந்ததும் நினைவிருக்கும். அதே 2018இல் ஹாத்வே, டென் ஆகிய கேபிள் நிறுவனங்களின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்குவதாக ரிலையன்ஸ் அறிவித்தது. 2019இல் ஜியோ ஃபைபர் வந்தது. மொபைல், கேபிள், பிராட்பேண்ட் மூன்றும் ஒரே கைக்கு வந்தன.

போட்டி சுருங்கிய பிறகு விலை ஏறியது. 2024 ஜூலையில் 155 ரூபாயாக இருந்த 28 நாள் திட்டம் 189 ஆனது. ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் அதே வாரத்தில் ஏற்றின. கூலி வீட்டு மாணவிக்கு இது சின்னத் தொகை இல்லை. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு ஓடிபி வர வேண்டுமென்றாலும் ரீசார்ஜ் செய்தாக வேண்டும்.

இதே காலத்தில் பொதுத்துறையில் நடந்தது என்ன? தனியார் 4ஜி 2012லேயே வந்துவிட்டது. பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி அலைக்கற்றை ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2019 அக்டோபரில். கையைக் கட்டிப்போட்டு ஓடவிட்டால் யார் ஜெயிப்பார்கள்? அதோடு சேர்ந்து வந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் சுமார் 78,000 பேர் வெளியேறினார்கள். பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதமும் பழங்குடியினருக்கு 7.5 சதவீதமும் இடம் இருந்த நிறுவனம் அது. லைன்மேனாக, எழுத்தராக, பொறியாளராக அங்கே நுழைந்த ஒருவரின் சம்பளத்தில் ஒரு குடும்பமே காலனியிலிருந்து கல்லூரிக்குப் போனது. அந்த இடங்களுக்கு ஈடாகத் தனியாரில் ஒரு இடம்கூட ஒதுக்கப்படவில்லை. தங்கள் ஊழியர்களில் தலித்துகள் எத்தனை பேர் என்று சொல்லும் கட்டாயம்கூட அவர்களுக்கு இல்லை. கேபிள் பதிக்கக் குழி தோண்டும் ஒப்பந்த வேலையில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். குளிரூட்டிய அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

"தனியார் முதலீட்டில் அரசு எப்படித் தலையிடும்?" என்பார்கள். அலைக்கற்றை யாருடைய சொத்து? 2012இல் 122 உரிமங்களை ரத்து செய்த தீர்ப்பில், இயற்கை வளங்கள் மக்களுக்குச் சொந்தம், அரசு அவற்றின் காவலர் மட்டுமே என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் எடுத்தது. கேபிள் போவதும் பொதுச் சாலைக்கு அடியில்தான். குறிப்பிட்ட காலத்துக்குள் குறிப்பிட்ட பரப்பில் சேவை தொடங்க வேண்டும் என்று ஏலத்தில் ஏற்கெனவே நிபந்தனை இருக்கிறது. அதே பட்டியலில் இன்னும் சில வரிகளைச் சேர்ப்பதில் என்ன தடை?

நாம் கேட்க வேண்டியவை மூன்று. அலைக்கற்றை பெறும் நிறுவனங்கள் ஊழியர்களின் சாதிவாரி விவரத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஒப்பந்தப் பணி உட்பட வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு உரிம நிபந்தனையாக வேண்டும். உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கு இணையக் கட்டணத்தை அரசே ஏற்க வேண்டும். கொரோனா காலத்தில், 2021இல், கல்லூரி மாணவர்களுக்குத் தமிழக அரசு தினம் 2 ஜிபி டேட்டா தந்தது. மனமிருந்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

விலை குறைந்தது நல்லதுதான். ஆனால் நுகர்வோராக மட்டும் நம்மை எண்ணிக்கொள்ளும் வரை, ரீசார்ஜ் விலையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருப்போம். நாம் இந்தச் சொத்தின் பங்குதாரர்கள். அடுத்த அலைக்கற்றை ஏலத்துக்கு முன் இந்த மூன்றையும் உங்கள் கல்லூரி வாசக வட்டத்தில் விவாதியுங்கள், உங்கள் தொகுதி எம்.பி.யிடம் மனுவாகக் கொடுங்கள்.