பேபி சரோஜாவும் நம் வீட்டுச் சரோஜாக்களும்

உங்கள் குடும்பத்தில் சரோஜா என்னும் பெயருடைய பாட்டி ஒருவர் உண்டா? அவர் 1937-ஐ ஒட்டிப் பிறந்தவராயின், அப்பெயரை அவருக்குச் சூட்டியது ஒரு திரைப்படமாகவே இருத்தல் கூடும். அவ்வாண்டில் இயக்குநர் கே. சுப்பிரமணியம் 'பாலயோகினி' என்னும் படத்தை அளித்தார். சாதிக் கொடுமையையும் விதவையர் துயரையும் எடுத்துரைத்த அப்படத்தில், அவருடைய சகோதரரின் மகள், ஐந்தாறு வயதுச் சிறுமி பேபி சரோஜா நடித்தாள். தமிழகம் அவளிடம் மனத்தைப் பறிகொடுத்தது. அமெரிக்கச் சிறுமி ஷெர்லி டெம்பிளுக்கு ஒப்பாக அவளைப் போற்றினர். தம் பெண் மகவுக்கு அவள் பெயரையே இட்டோர் பலர்.

1939-இல் கல்கியின் கதையான 'தியாகபூமி'யில் எஸ். டி. சுப்புலட்சுமி, பாபநாசம் சிவன் ஆகியோருடன் நடித்தாள். விடுதலை வேட்கையை ஊட்டிய அப்படத்தை ஆங்கில அரசு பின்னர்த் தடை செய்தது. 1941-இல் 'காமதேனு' வெளிவந்தது. அத்துடன் அவளுடைய திரைவாழ்வு நிறைவுற்றது. மூன்றே படங்கள்! 2019-இல் முதுமையில் மறையும் வரை 'பேபி சரோஜா' என்ற பெயரே அவருக்கு நிலைத்திருந்தது.

எல்லாக் குழந்தைகளுக்கும் இத்தகைய நிறைவு வாய்ப்பதில்லை. 1921-இல் சார்லி சாப்ளினுடன் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், வளர்ந்தபின் தான் ஈட்டிய பொருளைக் கேட்டபோது அதில் பெரும்பகுதி கரைந்துவிட்டிருந்தது. பெற்ற தாய் மீதே வழக்குத் தொடுக்க நேர்ந்தது. அதன் பயனாக 1939-இல் கலிபோர்னியாவில், குழந்தை நடிகரின் வருவாயில் ஒரு பங்கைக் காக்கும் சட்டம் பிறந்தது.

நம் நாட்டில் அத்தகைய காவல் வர நெடுங்காலம் ஆயிற்று. 2017-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, குழந்தையை நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேலும் நடிக்கச் செய்தல் ஆகாது. வருவாயில் 20 விழுக்காடேனும் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாக இடுதல் வேண்டும். மாவட்டத் தலைமை அதிகாரியின் அனுமதியும் வேண்டும். நம் மாவட்டத்துக்கு அவ்வலுவலகம் இம்மாயாபந்தரிலேயே உள்ளது. இவற்றுக்கெல்லாம் மேலாக, குழந்தையின் விருப்பமின்றி நடிக்க வைத்தல் கூடாது.

இதனை எழுதும்போது நம் நெஞ்சு சற்றே உறுத்துகிறது. சென்ற பொங்கல் விழாவில், பெரியோர் சொற்பொழிவுகள் நீண்டமையால், குழந்தைகளின் நடனம் இரவு பத்து மணியைத் தாண்டியது. திரைக்குப் பின்னே உறங்கிவிட்ட சிறுமி ஒருத்தியை எழுப்பி மேடையேற்றினோம். அவள் விழித்து நின்று அழுதாள். நாம் சிரித்துக் கைதட்டினோம். கைப்பேசியில் படமும் எடுத்தோம்.

அங்கே அனுமதி கேட்க எந்த அதிகாரியும் இல்லை, காவலர் நாமே. ஆதலின் அடுத்த விழாவில் குழந்தைகளின் நிகழ்ச்சி முதலில் நடக்கட்டும். நம் சொற்பொழிவுகள் காத்திருக்கட்டும். ஆட விரும்பும் குழந்தை ஆடட்டும். விரும்பாத குழந்தை தாய்மடியில் உறங்கட்டும்.