கருப்புக் கோடு யாருடைய ஞாபகம்?

பழைய வீடியோ கேமை லேப்டாப்பில் ஓட்டி, அதன்மேல் தடித்த கருப்புக் கோடுகளைப் படுக்கை வாட்டில் போட்டு, ஓரத்தைக் கொஞ்சம் வளைத்துவிட்டு "அசல் சிஆர்டி லுக்" என்று பகிர்கிறார்கள். மன்னிக்கணும். நான் பார்த்த டிவி அது இல்லை.

நான் பார்த்தது மரக்காணத்தில். 2006-ல் ஆரம்பித்த அரசுத் திட்டத்தில் வந்த 14 இன்ச் இலவசக் கலர் டிவி. அப்பாவும் அம்மாவும் உப்பளத்துக்குப் போனதும், புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய கேம் பெட்டியின் ஒயரை ஆன்டெனா துளையில் செருகுவோம். உப்புக்காத்துல பின் பச்சை பூத்துக் கிடக்கும். "அசைக்காதடா, மாரியோ போயிடுவான்" என்று அண்ணன் கத்துவான்.

அந்தக் கோடுகள் பொய்யென்று சொல்லவில்லை. அந்தக் கால கேம்கள் சுமார் 240 வரிகளில்தான் படம் அனுப்பின. வரிகளுக்கு நடுவே இருட்டு இடைவெளி விழும். ஆனால் அது பளிச்சென்று தெரிவது சோனி பிவிஎம் மாதிரியான ஸ்டூடியோ மானிட்டர்களில். ஆன்டெனா வழியாக வந்த நம் சின்னத் திரையில் கோடு மங்கி, ஒரு நிறம் பக்கத்து நிறத்தில் கசியும். எவருடைய ஸ்டூடியோவையோ நம் திண்ணை என்று நம்பச் சொன்னால் எப்படி?

"ஃபில்டரே வேண்டாம், கூர்மையான பிக்சல்தான் உண்மை" என்பவர்களும் தப்பு. 1991-ல் வந்த சோனிக் கேமின் அருவியைப் பாருங்கள். வரைந்தது வெறும் செங்குத்துக் கோடுகள். டிவி கேபிளின் கசிவில் அவை கலந்துதான் கண்ணாடித் தண்ணீர் ஆகும். வரைந்தவர்கள் கசிவையும் சேர்த்துத்தான் படம் போட்டார்கள். கூர்மையாக்கினால் அருவி வெறும் கம்பிவேலி.

எனக்கு வேண்டியது மூன்றாவது ஒன்று: நம் வீட்டு மங்கல். அதற்கு அசல் டிவி ஒன்று எரிந்துகொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் போய்ப் படமெடுத்து, ஒளிப்புள்ளிகளின் வடிவத்தையும் நிறம் எவ்வளவு கசிகிறது என்பதையும் அளந்தால்தான் ஷேடர் எழுத முடியும். பிவிஎம்மைப் பொத்திப் பாதுகாக்க உலகமெங்கும் ஆள் இருக்கிறது. நம்ம டிவியை எடைக்குப் போட்டுவிட்டோம்.

உங்கள் பரணில் ஒன்று மிச்சமிருந்தால் காயலான் கடைக்காரருக்குத் தூக்கிக் கொடுக்கும் முன் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். படம் வந்தால் கிட்டப்போய் நாலு போட்டோ எடுத்து வையுங்கள். இல்லையென்றால் நம் பிள்ளைகள் நம் பால்யத்தை வேறு யாருடைய மானிட்டரிலோதான் பார்ப்பார்கள்.