காற்றாடி மாட்டினால் குதிரைகள் கூடுமா?

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. போன வருஷம் கையிருப்பைத் துடைத்துப் பழைய கார் ஒன்று வாங்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சின்ன அட்டைப்பெட்டி ஒன்றை என் திண்ணையில் கொண்டுவந்து வைத்தான்.

"தாத்தா, இது எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர். மூவாயிரத்துச் சொச்சம்தான். மாட்டினா வண்டி பறக்கும்னு போட்டிருக்கான். சிறுவாபுரிக்குக் குடும்பத்தோட போறப்ப கொல்கத்தா ஹைவேல ட்ரெய்லர ஓவர்டேக் பண்ண முடியல. அதுக்குத்தான்."

பெட்டியைத் திறந்தேன். பிளாஸ்டிக் குழாய்க்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றாடி, இரண்டு ஒயர். கம்ப்யூட்டருக்குள் சுற்றுமே, அதற்கு அண்ணன் என்று சொல்லலாம்.

நான் மெக்கானிக் இல்லை. பைல் கட்டிய குமாஸ்தா. ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தபோது இயற்பியல் வாத்தியார் ஒரே கேள்வியை வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார்: "சரி, இந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது?" பதில் சொல்லத் தெரியாவிட்டால் கணக்கு சரியாக இருந்தாலும் மதிப்பெண் கிடையாது. அதே கேள்வியைத்தான் அந்தப் பெட்டியைப் பார்த்தும் கேட்டேன்.

இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பினால், கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், சக்தி கூடும். இதில் பொய் இல்லை. லூயி ரெனோ 1902-லேயே இதற்குப் பிரான்சில் காப்புரிமை வாங்கினார். சுவிஸ்காரர் ஆல்பிரெட் பியூக்கி 1905-ல் டர்போவுக்கு வாங்கினார். சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினின் சுழற்சியிலிருந்தே பெல்ட் மூலம் சக்தியை எடுத்துக்கொள்கிறது. டர்போ, வீணாக வெளியே போகும் சூடான புகையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் "எங்கிருந்து" என்ற கேள்விக்குப் பதில் உண்டு.

நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. திருவள்ளூர் பக்கத்தில் 1998 முதல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் லான்சர் கார் செய்த தொழிற்சாலையில் இப்போது பிரெஞ்சுக்காரர்களின் சித்ரோயன் கார் தயாராகிறது. 2022-ல் அங்கிருந்து வந்த சி3 காருக்கு இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள். இரண்டுமே 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர். டர்போ இல்லாதது 82 குதிரை, டர்போ உள்ளது 110 குதிரை. ஆகவே காற்றை அழுத்தினால் 28 குதிரை கூடுவது உண்மைதான். ஆனால் அந்த 28 குதிரையை மூவாயிரம் ரூபாய்க் காற்றாடி கொண்டுவருமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.2 லிட்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1.2 லிட்டர் வீதம், நிமிஷத்துக்கு 3,600 லிட்டர் காற்று இழுக்கும். அதாவது வினாடிக்கு 60 லிட்டர். நம் வீட்டு வாசலில் போடும் 20 லிட்டர் தண்ணீர் கேன் மூன்று, கண் இமைக்கும் நேரத்தில் காலி! இவ்வளவு காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு ஏற்ற ஏறக்குறைய ஐந்து கிலோவாட் வேண்டும். கிணற்றில் ஓடும் ஏழு ஹெச்.பி. மோட்டார் மாதிரி. அதை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுப்பதென்றால் 400 ஆம்பியருக்கு மேல். சின்னக் காரின் ஆல்டர்னேட்டர் மொத்தமாகக் கொடுப்பதே 100 ஆம்பியருக்குள்தான். அந்தப் பெட்டியில் இருந்த ஒயரோ என் மேஜை விளக்கு ஒயர் கனம்.

நிஜமான மின்சாரக் கம்ப்ரசரும் உண்டு. 2016-ல் ஆடி கம்பெனி எஸ்கியூ7 என்ற காரில் வைத்தது. அது 7 கிலோவாட். நிமிஷத்துக்கு 70,000 சுற்று வரை ஓடும். அதற்கென்றே தனியாக 48 வோல்ட் மின் அமைப்பு. அதுவும் டர்போ வேகம் பிடிக்கும் வரை ஒரு கை கொடுப்பதற்கு மட்டுமே.

அப்படியானால் இந்தக் காற்றாடி என்ன செய்யும்? மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் செய்யாது. வேகம் எடுக்கும்போது இன்ஜின் இழுக்கும் காற்றுக்குக் குறுக்கே நின்று தடையாகும். பிளாஸ்டிக் இறக்கை உடைந்து உள்ளே போனால் செலவு மூவாயிரத்தோடு நிற்காது.

பையனை நான் கேலி செய்யவில்லை. அதற்கு எனக்கு யோக்கியதையும் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன் என் ஸ்கூட்டரில் பெட்ரோல் குழாய்மேல் காந்தம் மாட்டினால் மைலேஜ் ஏறும் என்று யாரோ சொல்ல, நானும் மாட்டினேன். முதல் வாரம் ஏறியதாகவே தோன்றியது. பிறகு நோட்டுப் போட்டு லிட்டரும் கிலோமீட்டரும் எழுதினேன். ஒரு மாதத்தில் கணக்கு காந்தத்தைக் கழற்றச் சொன்னது. 1996-ல் மூலிகை பெட்ரோலை நம் தமிழ்நாடே நம்பியது நினைவிருக்கிறதா? அது மோசடி என்று நீதிமன்றம் சொல்ல 2016 ஆயிற்று. பணம் கொடுத்த பிறகு நம் காது நமக்குச் சாதகமாகவே கேட்கும்.

அதனால் அவனிடம், "தம்பி, நான் சொல்வதையும் நம்பாதே, பெட்டி சொல்வதையும் நம்பாதே. விடியற்காலை வண்டி இல்லாத ரோட்டில் ஓட்டிப் பார். ஒரே இடம், ஒரே கியர். 40-லிருந்து 70 போக எத்தனை வினாடி என்று எழுது. சுவிட்ச் உன் மனைவி கையில் இருக்கட்டும். போட்டாளா இல்லையா என்று உனக்குச் சொல்லக் கூடாது" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தான். பத்து ஓட்டம். போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசம் இல்லை. எப்போது போட்டாள் என்று ஒருமுறைகூடத் திடமாகச் சொல்ல முடியவில்லையாம். கழற்றிவிட்டான். ஏர் பில்டர் அழுக்கேறிக் கிடந்ததை மாற்றி, ஸ்பார்க் பிளக் மாற்றி, டயருக்குச் சரியாகக் காற்று அடித்தான். வண்டி கொஞ்சம் லேசானது என்கிறான். அதையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்!

எனக்கு மூவாயிரம் ரூபாய் பெரிய கவலை இல்லை. இல்லாத குதிரையை இருக்கிறது என்று நம்பி, கவரப்பேட்டை பக்கம் ட்ரெய்லரைத் தாண்டப் பாதி வழி போன பிறகு உண்மை தெரிந்தால்? பின் சீட்டில் அவன் குழந்தை உட்கார்ந்திருக்கும். பழைய வண்டிக்கு எவ்வளவு தெம்போ அவ்வளவு தூரம் பின்னால் போவதில் ஒரு குறைவும் இல்லை. சிறுவாபுரி முருகன் அரை மணி தாமதமாகப் போனாலும் அங்கேயேதான் இருப்பார்.