ஊசி கற்பித்த பாடம்

கல்லூரி மேடைகளில் தமிழ் நாடகம் இன்றும் வாழ்வது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், அங்கே தோன்றும் மன்னர்களின் உடை பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கரிகாலனும் கட்டபொம்மனும் ஒரே வெல்வெட் அங்கியில், ஒரே சரிகைக் கரையுடன் வருகின்றனர். வாடகைக் கடையில் கிடைப்பதே வரலாறு என்றாகிவிட்டது.

இக்குறை தீர, நாற்பதைக் கடந்த வயதில் தையல் கற்கத் தொடங்கினேன். ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பெயர் பெற்ற சாத்தூரில் பிறந்த எனக்கு ஊசிமுனை புதிது. ஆசானாகிய முதிய தையற்காரர் முதலில் காஜா எடுக்கச் சொன்னார். அங்குப் பணிபுரியும் என் பழைய மாணவன் நான்கு முடிக்கையில் நான் ஒன்று முடித்தேன். ஒருநாள் அங்கியின் இரு கைகளையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். "எழுத்துப் பிழையென்றால் அடித்து எழுதலாம் சார், துணியை வெட்டினால் வெட்டியதுதான்" என்றார் பெரியவர்.

வெட்டுமுன் எண்ணும் அப்பழக்கமே என்னை நூல்களிடம் மீண்டும் அனுப்பியது. சிலப்பதிகாரம் காட்டும் புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் துன்னகாரர், அதாவது தையற்காரர், வாழ்ந்தனர். தையல் நமக்குப் புதிதன்று. ஆயினும் முல்லைப்பாட்டில் மெய்ப்பையாகிய சட்டை அணிந்து காவல் நிற்பவர் யவனர். கரிகாலன் பொருநர்க்கு வழங்கியதாகப் பொருநராற்றுப்படை புகழ்வதோ பாம்பின் தோலையொத்த நுண்ணிய நெசவுத் துணியை. அரபுச் சொல்லான 'கபா'வின் வழிவந்த 'கபாயி' என்னும் தைத்த மேலங்கி விசயநகர அவையில் விளங்கியது. அது கரிகாலனுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. 1799இல் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனின் காலமோ அதற்கும் பிந்தியது. இருவருக்கும் ஒரே அங்கி எவ்வாறு பொருந்தும்?

தைக்காத உடையில் மன்னனுக்கு மதிப்பேது என்பர் சிலர். ஹஜ் பயணத்தில் இஹ்ராம் உடுத்திய ஆடவர் கூட்டத்தைக் கண்டவர் அவ்வாறு கேளார். அங்கே அரசரும் ஏழையும் அணிவது தைக்காத இரு வெண்துணிகளே.

இவ்வாண்டுத் துறை நாடகத்துக்கு நான் தைத்தது யவனக் காவலனின் மெய்ப்பை ஒன்றே. மன்னனுக்கு நேர்த்தியாக உடுத்திய கைத்தறி ஆடையே போதுமாயிற்று.

மாணவச் செல்வங்களே! உடையை வாடகைக்கு எடுக்குமுன், அது எக்காலத்தது எனக் கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே! தெரியாத தொழிலுக்கு முன் மாணவராய் அமர்வதில் இழிவில்லை. மெய்ப்பை என்னும் சொல்லுக்குப் பல்லாண்டு பொருள் சொன்ன எனக்கு, அதன் பொருள் விளங்கியது ஊசி பிடித்த பின்னரே.