மிளகு காரம் தெரிந்தால் விஷம் இறங்கிவிட்டதா?



முந்தாநாள் நம் பழைய மாணவர் குரூப்பில் ஒரு வீடியோ. பாம்பு கடித்தவருக்கு ஒருவர் வேப்பிலை அடித்து, பச்சிலைச் சாறு கொடுத்து, மிளகை மெல்லச் சொல்கிறார். காரம் தெரிகிறது என்றதும் விஷம் இறங்கிவிட்டதாம். கீழே நம் ஆட்கள் வரிசையாகக் கைகூப்பியிருக்கிறார்கள். அதில் பாதிப் பேருக்கு பிளஸ் ஒன்னில் நொதிகள் பாடம் எடுத்தவன் நான். அதனால்தான் வயிறு எரிகிறது.

ஆய்வகத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடில் உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டுக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? நுரை பொங்கியது. அடங்கியதும் அதே துண்டை எடுத்துப் புதிதாக ஊற்றிய திரவத்தில் போட்டேன், மறுபடி பொங்கியது. "இன்னும் தீரலையா சார்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். தீராது, அதுதான் நொதி. ஒரு மூலக்கூறை மாற்றி விட்டுவிட்டு, தான் மாறாமல் அடுத்ததைப் பிடிக்கும். "வினையின் முடிவில் நொதி மாற்றமடைவதில்லை" என்று எல்லோரும் எழுதி 2 மார்க் வாங்கினீர்கள். நானும் போட்டேன். அந்த வரி உயிர் சம்பந்தப்பட்டது என்று சொல்லித்தராதது என் தவறு.

கண்ணாடி விரியனின் விஷத்தில் பெரும்பங்கு நொதிகள்தான். நம் இரத்தம் உறைவதும் நொதிகள் ஒன்றை ஒன்று எழுப்பிவிடும் வேலையே. காயம் பட்டால், பட்ட இடத்தில் மட்டும் அது நடக்கும். விரியன் விஷமோ காயமே இல்லாத இடத்தில் 10ஆம் காரணியையும் 5ஆம் காரணியையும் எழுப்பிவிடுகிறது. அடைப்பதற்காக இருக்கிற ஃபைப்ரினோஜன் எல்லாம் வீணில் செலவாகித் தீர்கிறது. பிறகு ஈறில் இரத்தம், சிறுநீரில் இரத்தம், கடைசியில் சிறுநீரகமே நின்றுபோகும். (இதே விஷத்தை நீர்க்கவைத்து, இரத்தம் உறையாத நோயாளிகளின் காயத்தில் தடவி 1930களில் இரத்தப்போக்கை நிறுத்தினார்கள். இன்றும் இரத்தப் பரிசோதனைக் கூடங்களில் பயன்படுகிறது. விஷம் மாயம் அல்ல, வேதியியல்.)

"கொஞ்சம்தானே ஏறியிருக்கு, உடம்பு தாங்கும்" என்கிறீர்கள். தீராத பொருளில் கொஞ்சம் என்ன, நிறைய என்ன? பச்சிலை அரைக்கும் நேரமெல்லாம் அது வேலை செய்துகொண்டே இருக்கிறது. மிளகு காரம் தெரிவது நாக்கின் நரம்புக்குச் சம்பந்தம், இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் இருக்கிறதா என்பதை நாக்கு சொல்லாது. அதைச் சொல்லும் சோதனை ஆஸ்பத்திரியில் இருக்கிறது, பெரிய மெஷின்கூட வேண்டாம். சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம், அசைக்காமல் 20 நிமிடம். சாய்த்தால் ஓடினால், உறையவில்லை.

ஆலங்குடி பக்கம் கடலைக்கொல்லையில் என் பழைய மாணவன் ஒருவனின் அப்பாவுக்குக் கடி. பையன் நன்றாகப் படித்தவன். பெரியவர்கள் சொன்னார்கள் என்று முதலில் மந்திரிக்கக் கூட்டிப்போனான். காலை இறுக்கிக் கட்டியும் வைத்தார்கள். நான்கு மணி நேரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரி. ஊசி மருந்து விஷத்தைப் பிடித்துக்கட்டும், கெட்டதைச் சரிசெய்யாது. டயாலிசிஸ் ஆரம்பித்து ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார். அவரோடு பேருந்து நிறுத்தத்தில் டீ குடித்திருக்கிறேன்.

"மந்திரித்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்களே சார்" என்பீர்கள். இருக்கிறார்கள். சாரைப்பாம்புக்கு விஷம் கிடையாது. விஷப்பாம்பும் சில நேரம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். அவர்கள் சும்மா படுத்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள், பெயர் மட்டும் மந்திரவாதிக்கு. கட்டுவிரியனிடம் இந்தக் கணக்கு செல்லாது. தூக்கத்தில் கடிக்கும், வலிகூடத் தெரியாது. அதன் நொதி நரம்பு முனையையே அழிக்கும். அழிந்தபின் மருந்து கொடுத்தாலும் வென்டிலேட்டரில் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரிப் பக்கம் குற்றமே இல்லை என்று சொல்லமாட்டேன். மருந்தை ஆரம்பிக்காமலே "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று எழுதிக்கொடுத்து நேரத்தைத் தின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைக் கேட்டுச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் அரசு மருத்துவமனையில் அந்த மருந்துக்குக் காசு இல்லை. வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் உயிரைப் பணயம் வைத்துப் பிடிக்கிற பாம்புகளின் விஷத்தைக் குதிரையில் செலுத்தித்தான் அது தயாராகிறது. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு, ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து அளந்து கடிப்பதில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்கிறது ஓர் ஆய்வு. பெரும்பாலும் நம்மைப் போன்ற கிராமத்து ஜனங்கள்.

வீடியோ போட்ட தம்பி, உன் பெயரை எழுதவில்லை. இன்று இரவுக்குள் அதை எடுத்துவிடு. கைகூப்பிய மற்றவர்கள் ஊருக்கு போன் போட்டுச் சொல்லுங்கள். கட்டுப்போடாதே, கீறாதே, கடிபட்ட காலை அசைக்காமல் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடு. அடுத்த வாரம் கடலை பறிக்க ஆரம்பிக்கிறார்கள்.