கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று

நூல் நிலையத்தின் பெருமை அலமாரிகளின் எண்ணிக்கையில் இல்லை. நாடி வந்தவர் மனநிறைவோடு திரும்புகிறாரா என்பதில்தான் இருக்கிறது. பண்டம் நிறைந்திருந்தாலும் பரிமாறத் தெரியாவிட்டால் பந்தி பசியோடுதான் எழுந்திருக்கும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையை அடுத்த மண்ணூர்பேட்டையை எடுத்துக் கொள்ளலாம். பட்டறையில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர் நூலகத்துக்கு வந்து, "லேத் பற்றிப் புத்தகம் இருக்கிறதா, சார்?" என்று கேட்பதாக வைத்துக் கொள்ளலாம். "அந்த அலமாரியில் பாருங்கள்" என்று கையைக் காட்டினால் வேலை முடிந்தது. அவரும் தடித்த கல்லூரிப் பாடநூல் ஒன்றைப் புரட்டிவிட்டுப் போவார், மறுபடி வரமாட்டார். "எந்த வேலைக்கு, தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மரை வெட்டப் பல்சக்கரம் மாற்றும் கணக்குத்தான் அவருக்குத் தேவை என்பது விளங்கியிருக்கும். அதற்குப் பத்துப் பக்கம் போதுமே!

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஒரு தமிழர். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராயிருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரானார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. மற்றொன்று, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது. 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்ததிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு.

சர்க்கார் அலுவலகங்களுக்கும் இதே தர்மம்தான். 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, எழுத இயலாதவரின் கோரிக்கையை எழுத்தில் வடிக்க அதிகாரியே உதவ வேண்டும். வேறு அலுவலகத்துக்குரிய மனுவை 5 நாட்களுக்குள் அங்கே அனுப்ப வேண்டும். "இது எங்கள் இலாகா அல்ல" என்று கைவிரிக்க இடமில்லை.

செல்பேசியைத் தட்டினால் ஆயிரம் பதில் வரும் காலம் இது. அவற்றில் எது மெய், எது காலாவதியானது என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டாமா? ஆகவே நூலகரின் பொறுப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது.

செய்ய வேண்டியவை மூன்று. ஒவ்வொரு கிளை நூலகத்திலும் விசாரிப்போருக்குப் பதில் சொல்லப் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். விடை கிடைக்காத கேள்விகளைப் பதிவேட்டில் குறித்து, அவற்றுக்கேற்ப நூல் வாங்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, கன்னிமாரா போன்ற பெரிய நூலகத்துக்கு வழிகாட்ட வேண்டும்.

சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறார்கள் மக்கள். அவர்கள் கேட்பது சலுகையல்ல, உரிமை. சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களாக!