பட்டாளத்தில் கற்ற தொழில் வீணாகலாமா?

ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் 17 வருஷம் இருந்துவிட்டு, 38 வயதில் சின்னமனூருக்குத் திரும்பினான் என் தம்பி. 'சிக்னலா... ரயில்வேலயாய்யா இருந்த?' என்று கேட்டார் எதிர் வீட்டுப் பாட்டி. சிரித்தோம். ஆனால், அவன் என்ன வேலை பார்த்தான் என்பது எங்களுக்கே தெரியாது! ஜபல்பூரில் பயிற்சி எடுத்து, எல்லையில் கம்ப்யூட்டரும், நெட்வொர்க்கும் படுத்து விடாமல் பார்த்துக் கொண்டவன்.

'பென்ஷன்தான் வருதே, ஏதாச்சும் பேங்க் வாசல்ல துப்பாக்கியோட நில்லுப்பா' என்று அம்மா நச்சரித்தார். அந்த வேலையை நான் மட்டமாகச் சொல்லவில்லை. கைத்தொழிலை மூட்டை கட்டுவானேன்?

தம்பி மனைவிதான் விடவில்லை. 'பட்டாளத்துப் பேரெல்லாம் எழுதினா கம்பெனிக்காரனுக்குப் புரியுமாங்க? எந்த மிஷினை, எத்தனை பேரை வச்சுப் பாத்தீங்கனு எழுதுங்க' என்று பயோடேட்டாவை மாற்ற வைத்தாள். நெட்வொர்க் பரீட்சைக்குப் படிக்க ஆறு மாசம் விட்டாள். இப்போது கோவையில் ஒரு கம்பெனியில் வேலை. ஆரம்பச் சம்பளம் குறைவுதான். மேலதிகாரிக்கு வயது 26. 'சார்' என்று கூப்பிட முதலில் கூச்சப்பட்டான், பாவம்.

ஓய்வு பெறப் போகிறவர்களுக்கென்றே பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் படிப்புகள் நடத்துகிறது. சர்வீஸில் இருக்கும்போதே சேர்ந்திருக்கலாம்; தம்பி கோட்டை விட்டான். 2022ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த பையன்களில் பெரும்பாலோருக்கு நாலே வருஷம்தான், பென்ஷனும் கிடையாது.

கம்பம், கூடலூர், போடி பக்கத்துச் சகோதரிகளே... மகனோ, கணவரோ அடுத்த லீவில் வரும்போது, கோழிக் குழம்பு பரிமாறிக் கொண்டே, 'அந்தப் படிப்புக்கு எழுதிப் போட்டாச்சா?' என்று கேட்டு வையுங்கள்.

- ஒரு வாசகி, சின்னமனூர்.